காலித் தாம்பாளம்

1942ஆம் வருஷம் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சொர்ணம்மாள் வீட்டார் மயிலாப்பூரை விட்டுப் போனார்கள். மறுநாள் சித்திரை பிறக்கிறது. ஆனால் எந்த வாசலிலும் மாவிலை கட்டுகிறவர்களைக் காணோம். மூட்டை கட்டுகிறவர்களைத்தான் பார்க்க முடிந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான், இங்கே அவசியமான வேலை இல்லாதவர்கள் கிளம்பிவிடுங்கள் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. லஸ் முனையிலிருந்து எழும்பூர் வரைக்கும் மாட்டு வண்டியும் கைவண்டியும் ஜட்காவுமாக ஒரே ஊர்வலம்.

ஜட்காக்காரன் பீர் முஹம்மது கடைசிச் சவாரியாக அவர்களை ஏற்றிப்போய் ரயிலில் உட்காரவைத்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் கச்சேரி ரோட்டுச் சந்தில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினான். குதிரைக்குப் புல் போட்டான். முகம் கழுவினான். பிறகு ஊர்ச்செய்தி சொல்கிற சாவகாசத்தில் மனைவியிடம் சொன்னான்.

"எல்லாப் பொட்டியும் வண்டி மேல போட்டுட்டாங்க. ஒரு தகரப் பொட்டிய மட்டும் ஜலஜா பாப்பா மடியிலயே வெச்சிக்கினு வந்துச்சு. இன்னாம்மா அதுலன்னு கேட்டேன். டான்ஸ் டிரஸ்ஸுன்னுச்சு. நான்தான் பத்திரமா தூக்கி ரயில்ல வெச்சேன்."

நஸ்ருன்னிசா தையல் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னா டிரஸ்ஸு?"

"அதான், செவப்பா, ஜரிகப் பூ போட்டு..." பாதியில் அவன் வாய் நின்றது. "யா அல்லா!"

கோபம் வராதவரை அவள் புருஷனை 'வாங்க போங்க' என்றுதான் பேசுவாள். அன்று அந்த மரியாதை பறந்துபோனது. "என் நிக்காஹ் துணிய நீயே தூக்கி ரயில்ல ஏத்திட்டு வந்து, எங்கிட்டயே கதை சொல்றியா? கண்ணு எங்க வெச்சிருந்த? குதிரைக்குக் கட்டுற பட்டிய நீ கட்டிக்கினு போனியா?"

அவள் போட்ட சத்தத்துக்கு மற்ற நாளாக இருந்தால் சந்தே கூடியிருக்கும். அன்று பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கேட்க ஆளில்லாமல் கத்த வேண்டியிருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தத் துணியின் கதை இதுதான். நஸ்ருன்னிசாவின் தாய் ஹாஜிரா பீ, மாதுளம்பூச் சிவப்பில் கனத்த ஜரிகைப் பட்டு வாங்கி, ஒரு லஹங்காவும் துப்பட்டாவும் தைத்து வைத்திருந்தாள். பெண்கள் இரண்டு பேர், துணி ஒன்று. பெரியவள் நிக்காஹுக்குக் கட்டிக்கொள்ள வேண்டும், பிறகு சின்னவள் வஜீஹாவுக்கு அது போகவேண்டும். இரண்டாவது பெண்ணுக்கும் தனியாக வாங்க அந்த வீட்டில் வழியில்லை. அதை ஹாஜிரா பீ ஒளிக்கவும் இல்லை. சாகும்போது அவள் வேறெதுவும் கேட்கவில்லை. "வஜீஹா அதக் கட்டிக்கினுதான் இந்த ஊட்ட வுட்டுப் போவணும்" என்றாள். நஸ்ருன்னிசா சரி என்றாள். வஜீஹாவுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை.

நஸ்ருன்னிசா வீட்டிலேயே மிஷின் போட்டு, மயிலாப்பூர் மாமிகளுக்கு ரவிக்கை தைத்துவந்தாள். வாய் பெரிது, கை சுத்தம் என்று பெயர். சொர்ணம்மாள் வீட்டுக்கு அவள்தான் வழக்கமான தையற்காரி. அந்த வீட்டுப் பெண் ஜலஜா நாட்டியம் கற்றுக்கொண்டாள். நல்ல குடும்பத்துப் பெண்கள் சலங்கை கட்டலாமா என்று ஊர் இரண்டு பட்டுக் கிடந்த காலம். அதனால் அரங்கேற்றத்தை யாரும் குறை சொல்ல முடியாதபடி நடத்திவிட வேண்டும் என்று சொர்ணம்மாள் துடித்தாள். உடைக்குக் காசியிலிருந்து பட்டு சொல்லியிருந்தாள். ரயிலையெல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டது, பட்டு வரவில்லை. அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் அவள் இந்தச் சந்துக்கே வந்து மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கூட வந்த ஜலஜா அழவில்லை. "என்ன அக்கா பண்றது? பழம்புடவைலதான் ஆடணும்" என்று சிரிக்கப் பார்த்தாள். பதினேழு வயசு. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல்தான் நஸ்ருன்னிசா எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள்.

"ஒரு நாளைக்குத்தான்" என்றாள்.

அந்தத் துணியில் அவள் கத்தரி வைக்கவில்லை. லஹங்காவின் பக்கத் தையல்களைப் பிரித்தாள், துணியை மடித்தாள், காலுக்குப் பைஜாமா மாதிரி சுற்றிவரவிட்டு நடுவில் விசிறி மடிப்பு எடுத்தாள். எல்லாம் ஓட்டுத் தையல். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நூல் உருவிக்கொண்டு வந்துவிடும். பழையபடி லஹங்கா ஆகிவிடும். ஜலஜா அரைமண்டியில் உட்கார்ந்தபோது விசிறி பிரிந்து விரிந்தது.

அரங்கேற்றத்தன்று காலையில் சொர்ணம்மாள் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், ரவிக்கைத் துண்டு வைத்து அனுப்பினாள். நஸ்ருன்னிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் வீட்டு வழக்கப்படி, ஏதாவது வைத்து வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பினால் அது வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். ஒரு பிடி சர்க்கரையாவது வைக்கவேண்டும். வீட்டில் சர்க்கரை இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். துப்பட்டா கண்ணில் பட்டது. இதையும் இன்றைக்கு மேலே போட்டுக்கொள்ளட்டுமே என்று மடித்து வைத்து அனுப்பினாள்.

அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அதன் பிறகு ஒரு தடவை நினைவுபடுத்தியபோது, "வெயில்ல போட்டு எடுத்து அனுப்பறேன்" என்றாள் சொர்ணம்மாள். அதற்குள் குண்டு பயம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை வந்தது, பீர் முஹம்மது பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்தான்.

ஊரைவிட்டு ஓடியவர்களில் பெரும்பாலானவர்கள் சில மாதத்தில் திரும்பி வந்தார்கள். சொர்ணம்மாள் வீட்டார் வரவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த அவள் கணவருக்குப் பம்பாய்க்கு மாற்றலாகிவிட்டது. துணிதான் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தது.

முதலில் பம்பாய். சவாரி வந்த யாரோ ஜட்காவில் விட்டுப்போன பத்திரிகையில் ஜலஜாவின் படம் இருந்தது. பீர் முஹம்மது அதை வீட்டுக்குக் கொண்டுவரலாமா வேண்டாமா என்று குதிரையிடம் யோசனை கேட்டிருப்பான், கடைசியில் கொண்டுவந்தான். நஸ்ருன்னிசாவுக்கு உருது தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வஜீஹா படத்தின் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "பழங்காலக் கோயில் சிற்பங்களை ஆராய்ந்து அமைக்கப்பட்ட உடையில் குமாரி ஜலஜா."

"சிற்பம்னா இன்னாடி?"

"செல, ஆபா" என்றாள் அக்காவிடம்.

"எந்த செல? கச்சேரி ரோட்டுல மிஷின் மிதிச்சிக்கினு குந்தியிருக்கே, அந்த செலயா?"

அன்று சாயங்காலமே தங்கையை எதிரில் உட்காரவைத்து 'அ' எழுதச் சொன்னாள். மிஷின் மேஜையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, துணியால் துடைத்து, மறுபடி எழுதினாள். அடுத்த படம் கல்கத்தாவிலிருந்து வந்தபோது அவளே படித்தாள். பிறகு நாகபுரி, டெல்லி, கொழும்பு. எல்லா ஊரிலும் சிற்பம். ஒரு பத்திரிகை 'தெய்வீக விசிறி' என்று எழுதியது. அவள் அதைப் படித்துவிட்டு அன்றைய சோற்றைத் தீய விட்டாள். தெரிந்த மாமி ஒருத்தியிடம் விலாசம் வாங்கிப் பம்பாய்க்கு ஒரு கார்டும் எழுதினாள்: என் துணியை அனுப்புங்கள், தங்கைக்கு வேண்டும். பதில் இல்லை.

யுத்தத்தில் துணிக்கும் ரேஷன் வந்தது. அந்தப் பஞ்சத்திலும் தியாகராய நகரில் வெள்ளைத்துரை என்ற திருநெல்வேலிக்காரரின் ஜவுளிக்கடையில் 'ஜலஜா கரை' என்று ஒரு சேலை வந்து இறங்கியது. சிவப்பில் ஜரிகைப் பூ. பத்திரிகைப் படத்தைப் பார்த்து நெய்யச் சொன்னதாம். வெள்ளைத்துரையின் மனைவி மீனாட்சி ஒருநாள் நஸ்ருன்னிசா வீட்டுக்கே வந்து, மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தாள்.

"எம் மவளுக்கு இதே மாதிரி ஒண்ணு தச்சுத் தரணும்மா. கொலுவுக்குக் கட்டணும்லா. இந்த விசிறி வாறதுதான் யாருக்கும் தெரிய மாட்டேங்கு. பாத்தா ஒனக்குப் புரியுதா?"

"புரியுது."

"செலயப் பாத்து செஞ்சதாம்லா!"

"செலக்கிட்டயே போய்த் தெச்சிக்கோங்க."

மீனாட்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் இப்படி வெடுக்குனு பேசுதே? காசு தராமலா போவேன்?" என்றாள். நஸ்ருன்னிசா அந்தப் படத்தைத் திருப்பி அவள் மடியிலேயே வைத்தாள். "அது என் துணிம்மா. எங்கம்மா வாங்கின துணி. அத என்னையே காப்பியடிக்கச் சொல்றியா?" மீனாட்சி போகிற போக்கில் பக்கத்து வீட்டில், "பாவம், அந்தப் பொம்பளைக்கு மூளை கலங்கிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பேச்சு அப்படியே தங்கிவிட்டது. ஒரு வருஷம் முழுக்கச் சந்தில் யாராவது ஒருத்தி, "இன்னா நஸ்ரு, உன் துணி இப்ப எந்த ஊர்ல கீது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள்.

1946 டிசம்பரில் சொர்ணம்மாள் வீட்டார் திரும்பி வந்தார்கள். தியாகராய நகர் சபா ஒன்றில் ஜலஜாவின் கச்சேரி என்று சுவரெல்லாம் நோட்டீஸ். இந்தப் பக்கம் வஜீஹாவுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் செய்யாத சஃபர் மாதம் கழிந்ததும் நிக்காஹ். நஸ்ருன்னிசா புர்காவை மாட்டிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனாள்.

"வா வா, நஸ்ருன்னிசா! எத்தனை வருஷமாச்சு! இளைச்சுட்டியே" என்றாள் சொர்ணம்மாள்.

"துணிய வாங்கிக்கினு போலாம்னு வந்தேன் மாமி."

"எந்தத் துணி?"

"என் நிக்காஹ் துணி. ஒரு நாளைக்குன்னு குடுத்தது."

சொர்ணம்மாள் உண்மையாகவே திகைத்துப்போனாள். "என்னடி இது? நீதானே துப்பட்டாவும் சேர்த்துத் தட்டுல வெச்சு அனுப்பிச்சே? குழந்தைக்குச் சீர் மாதிரி! சாயபு ஆத்துப் பொண்ணுக்கு என்ன மனசு பாருங்கோன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன்."

"தட்ட வெறுசா அனுப்பக் கூடாதுன்னு வெச்சேன் மாமி. எங்க ஊட்டுல அனுப்ப மாட்டோம்."

"தாம்பூலம் வாங்கிண்டியோல்லியோ? வாங்கிண்டா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். எங்காத்துல அப்படித்தான்."

"கார்டு எழுதினேனே?"

"எந்தக் கார்டு? எனக்கு ஒண்ணும் வரலை." சொர்ணம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். கதவோரத்தில் ஜலஜா நின்றுகொண்டிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நஸ்ருன்னிசா மறுபடி சொர்ணம்மாள் பக்கம் திரும்பினாள். "எல்லார்கிட்டயும் என் மனச சொன்னீங்களே, பேப்பர்ல மட்டும் ஏன் செலைன்னு போட்டுக்கீது?"

"பேப்பர்காரன் வந்து கேட்டா என்னத்த சொல்றது? லஹங்கான்னா? பரதநாட்டியத்துக்கு லஹங்கான்னு சொல்ல முடியுமா, நீயே சொல்லு!"

நீயே சொல்லு! நஸ்ருன்னிசா படியிறங்கினாள். குளத்தங்கரை வழியாக நடந்து வீடு வருகிறவரை அந்த இரண்டு வார்த்தைகள் காதில் ரீங்காரம் போட்டன. அவளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், அவளிடமிருந்து எடுத்ததை நியாயம் என்று சொல்ல.

கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சொர்ணம்மாள் வீட்டு வேலைக்காரி அதே பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், அவற்றின் மேல் அந்த உடை. ஜலஜா கொஞ்சம் பருத்துவிட்டாளாம். இடுப்பைத் தளர்த்தித் தரவேண்டுமாம். "உள்ள எங்க துணி மடிச்சு வுட்டிருக்கன்னு உனக்குத்தான் தெரியுமாம். மாமி கோவமெல்லாம் மறந்துடச் சொன்னாங்கோ." துப்பட்டா வரவில்லை.

நஸ்ருன்னிசா தாம்பாளத்தை வாங்கி வைத்தாள். உடையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். வியர்வை, சாம்பிராணி, யாருடைய முகப்பூச்சோ. தன் ஓட்டுத் தையலைத் தேடி உட்புறத்தைத் திருப்பினாள். நூலைக் காணோம். அந்த இடங்களில் மிஷின் தையல் கெட்டியாக ஓடியிருந்தது. தையலுக்கு அப்பால் துணியும் இல்லை. பம்பாயிலோ கல்கத்தாவிலோ எவனோ ஒரு தையற்காரன் மடிப்புகளின் உள்பக்கத்தை வெட்டி எறிந்திருந்தான். கனம் குறைந்தால் ஆடுவதற்குச் சுலபம். அவனுக்கு அது மிச்சத் துணி.

அவள் உட்கார்ந்துவிட்டாள். வஜீஹா வந்து பார்த்தாள். ஒரு துண்டை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். பாதிச் சுற்றுக்கூட வரவில்லை.

"ஆபா, வுடு. ஜார்ஜெட்டு எதனா வாங்கிக்கலாம்" என்றாள்.

"வாய மூடு. பிரிகத்திய எடு."

இருவரும் உட்கார்ந்து மிஷின் தையலை ஒவ்வொரு இழையாகப் பிரித்தார்கள். விசிறி போயிற்று. கால் போயிற்று. கடைசியில் பாயில் சிவப்புத் துண்டுகள் மட்டும் கிடந்தன. நஸ்ருன்னிசா அவற்றை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். தாம்பாளத்திலிருந்த வெற்றிலையையும் தேங்காயையும் எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினாள். தாம்பாளத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று துடைத்தாள்.

கச்சேரி நாள் காலையில் அதைப் புருஷனிடம் நீட்டினாள். "பையயும் குடு. இதயும் குடு."

"இதுல இன்னா வெக்கிறது?"

"ஒண்ணும் வெக்காதே."

பீர் முஹம்மதுக்கு வியர்த்தது. "வெறுந் தட்டா? நம்ம ஊட்டுலேர்ந்தா? ரெண்டு வாழைப்பழமாச்சும்..."

"அன்னிக்குப் பொட்டிய தூக்கிக்கினு போனியே, இன்னிக்குத் தட்ட தூக்கிக்கினு போ. போய் மாமி கையில குடு. கீழ வெச்சிட்டு ஓடிவராதே."

அவன் போன வேகத்தைவிட வேகமாகச் சொர்ணம்மாளை அவன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தான். பின்னால் ஜலஜா. சொர்ணம்மாள் கையில் தாம்பாளம். இறங்கும்போதே, "டிரஸ் எங்கடி?" என்று கத்தினாள். இந்த முறை சந்து காலியாக இல்லை. கதவுக்குக் கதவு தலை தெரிந்தது.

"பிரிச்சிட்டேன்."

"பிரிச்சியா? சாயங்காலம் கச்சேரிடி! கலெக்டரெல்லாம் வரா! என்ன திருட்டுத்தனம் இது? இப்பவே போலீஸ்ல சொல்றேன்."

"சொல்லுங்க மாமி. துணி யாருதுன்னு போலீஸ்காரன் கேப்பான். செலையுதுன்னு சொல்லுங்க."

ஒரு ஜன்னலுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு நஸ்ருன்னிசாவைப் பார்த்து இல்லை. சொர்ணம்மாள் காலித் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"தாம்பூலம் வாங்குனா முடிஞ்சிதுன்னீங்க. தோ, திருப்பிட்டேன். என் தட்டுல இனிமே ஒண்ணும் கிடையாது. ஒரு நாளுக்குக் குடுத்தத நாலு வருசம் போட்டுட்டு, அறுத்தும் போட்டீங்க. எந்தங்கச்சி இப்ப எத்த கட்டிக்கினு போவா? வந்து சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க!"

ஜலஜாதான் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "அம்மா, வா. நான் புடவையைக் கட்டிண்டு ஆடறேன்." நஸ்ருன்னிசாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நஸ்ருன்னிசா கதவைச் சாத்தினாள்.

அன்று ஜலஜா பழம்புடவை ஒன்றைக் கச்சம் வைத்துக் கட்டிக்கொண்டு ஆடினாள். மறுநாள் பத்திரிகை, 'பகட்டை உதறிவிட்டுப் பழைய எளிமைக்குத் திரும்பிய குமாரி ஜலஜாவின் துணிச்சல்' என்று ஒரு பத்தி எழுதியது. நஸ்ருன்னிசா அதையும் எழுத்துப் பிசகாமல் படித்தாள். படித்து முடித்துப் பத்திரிகையைக் கசக்கி அடுப்பில் வைத்தாள். எதைச் செய்தாலும் அவர்களுக்கு ஒரு நல்ல பெயர் தயாராக இருக்கிறது!

பிப்ரவரியில் வஜீஹாவின் நிக்காஹ் நடந்தது. சிவப்புத் துண்டுகளுக்கு நடுவே ரேஷன் கடை வெள்ளை மல் துணிக்குச் சாயம் போட்டு ஒட்டுக் கொடுத்து, ஒரு லஹங்காவை நஸ்ருன்னிசா நிற்கவைத்துவிட்டாள். சாயம் பொருந்தவில்லை. கிட்டத்தில் வந்தால் ஒட்டு தெரியும். தலைக்குப் போட வெள்ளைத்துரை கடையில்தான் ஒரு துப்பட்டா வாங்கவேண்டியிருந்தது. வந்த பெண்கள் ஒட்டைப் பார்த்தார்கள், எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று தெரியும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியதா இல்லையா என்று நஸ்ருன்னிசாவுக்கே சொல்லத் தெரியவில்லை. தங்கை வண்டி ஏறும்போது, அழுகிற நேரத்திலும், அவள் கண் அந்த ஒட்டுகளின் மேலேயே இருந்தது.

அதன் பிறகு சொர்ணம்மாள் தெருவில் ஒரு வீட்டுக்கும் அவள் ரவிக்கை தைக்கவில்லை. பீர் முஹம்மது அந்தத் தெருச் சவாரியை ஏற்றினால், வீட்டுக்கு வந்து சொல்லமாட்டான்.

1949 மழைக்காலத்தில், வஜீஹா தன் கைக்குழந்தையோடு தாய்வீடு வந்திருந்த ஒரு நாள், தபால்காரர் ஒரு கார்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். கல்கத்தா முத்திரை. மேல்விலாசத்தில் 'திருமதி நஸ்ருன்னிசா, தையற்கலைஞர், கச்சேரி ரோடு' என்று இருந்தது. பத்திரிகைக்காரர்கள் போடுகிற வார்த்தையைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. கிழித்துப்போடத்தான் எடுத்தாள். ஆனால் எழுத்துத் தெரிந்தவர்களுக்கு எழுத்து கண்ணில் பட்டுவிட்டால் படிக்காமல் இருக்க முடிவதில்லை. நின்றபடியே படித்தாள்.

"அக்கா, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இங்கே நான் ஆடுவதில்லை. பம்பாய்க்கு நீங்கள் எழுதிய கார்டு என் கையில்தான் கிடைத்தது, அம்மாவிடம் காட்டவில்லை. துப்பட்டா என்னிடம் இருக்கிறது. அதில் யாரும் கத்தரி வைக்கவில்லை. உங்கள் தங்கைக்குப் பெண் பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன். அதனால் இப்போது கேட்கிறேன்: அனுப்பலாமா? ஜலஜா."